போடிக்கு மூன்று விமான நிலையங்கள்

நான் கொழும்புக்குப் போய்விட்டு வந்து இத்தனை நாளாகியும், போடிநாயக்கனூரில் ஒருவராவது கொழும்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "ஏரோப்ளேன்ல போனீகளாமே அண்ணே, அந்தரத்துல போய்க்கிட்டு இருக்கும்போது ஒண்ணுக்கு வந்தா என்ன செய்யுறது?" என்பதுதான் முந்தலிலிருந்து ராசிங்காபுரம் வரைக்கும் கேள்வி. அதற்கும் உள்ளே ஒரு அறை இருக்கிறது என்றால் நம்ப ஆளில்லை. "அப்ப கீழ யாரு தலையில விழுகும்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. ஆகையால் பட்ட பாட்டையெல்லாம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். இதைப் படித்த பிறகாவது என்னைக் கடைத்தெருவில் நிம்மதியாக நடக்க விடட்டும்.

போன சோலி என்னுடையதல்ல. நான் வேலை பார்க்கும் ஏலக்காய் மண்டியின் முதலாளிக்குக் கொழும்பில் ஒரு வியாபாரி சிக்கியிருந்தார். "சிலோன்லயும் ஏலக்காய் வெளையுதாம்ல. அந்தக் காயையும் நம்ம காயையும் பக்கத்துல வச்சு அந்தாளு மூக்குல காமிச்சுட்டு வா," என்றார் முதலாளி. அவரே போயிருக்கலாம். ஆனால் அவருக்குச் சித்திரைத் திருவிழா ராட்டினத்தில் ஏறினாலே தலை சுற்றும். அதனால் சரக்கு அவருடையது, தலை என்னுடையது என்று முடிவாயிற்று.

அதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. எனக்கு ஒரே தங்கை, பெயர் செல்லம். அப்பாவும் ஆத்தாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருக்கும் மாப்பிள்ளைக்கு அவளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவளுடைய மூத்த பெண்ணுக்குக் கார்த்திகையில் காதுகுத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். ஆசாரி வராவிட்டால் வேறு ஆசாரியைக் கூப்பிட்டுக் கொள்ளலாம். மாமன் வராவிட்டால், பிள்ளையைப் பெற்றவள் அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று மலையேறிப் போனேன். செல்லத்தின் மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக் கொண்டே கேட்டார். "கடல் தாண்டிப் போறீகளாக்கும். போய்ட்டு வாங்க. வர முடியலைன்னா ஒண்ணும் குடி முழுகிப் போகாது. என் தம்பி மகன் மடி சும்மாதான் கெடக்கு," என்றார். உள்ளே செல்லம் பாத்திரத்தைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்த வீட்டில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அத்தை, நான் வர்றது பஸ்சுல இல்ல, ஏரோப்ளேன்ல. காலையில கொழும்புல காப்பி குடிச்சா, மத்தியானம் ஒங்க வீட்டுல எலையில உக்காந்திருப்பேன்," என்றேன். அத்தை முறத்தை நிறுத்திவிட்டு, "அது எங்க வந்து எறங்கும்?" என்று கேட்டார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதெல்லாம் அவுக பாத்து எறக்கி விட்டுருவாக," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

கொழும்பு வியாபாரி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷர். இரண்டு காய்களையும் மாறி மாறி முகர்ந்தார், உடைத்தார், வாயில் போட்டுக் கொண்டார், கண்ணை மூடினார். பிறகு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு," என்றார். இதற்கா நான் கடலைத் தாண்டி வந்தேன் என்று இருந்தது. அடுத்த நாளும் வரச் சொன்னார். அடுத்த நாளும் முகர்ந்தார். மூன்றாவது நாள் எனக்கே இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. காலையில் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும். சம்பல் என்று மிளகாயும் தேங்காயும் இடித்த ஒன்றை வைக்கிறார்கள். அந்தச் சிவப்பைக் காட்டிப் போடிக்காரனைப் பயமுறுத்த முடியாது என்று எண்ணி அள்ளிப் போட்டுக் கொண்டேன். காது அடைத்துவிட்டது. விமானத்தில் காது அடைக்கும் என்று பலர் எச்சரித்திருந்தார்கள். இலையிலேயே அடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வியாபாரிக்கு அவர்கள் நாட்டு விமானத்தளங்களைப் பற்றி மகா பெருமை. "எங்கட நாடு சின்னன்தான். ஆனா பாருங்கோ, கொழும்புக்கு ரத்மலானை, யாழ்ப்பாணத்துக்குப் பலாலி, திருகோணமலையில ஒண்டு, நடுக்காட்டுக்குள்ள மின்னேரியாவில ஒண்டு," என்று விரல் விட்டார். நடுக்காட்டில் எதற்கு என்று கேட்டேன். "யுத்தத்தில வெள்ளைக்காரன் போட்டது. அவன் போயிட்டான், தளம் கிடக்குது," என்றார். சரி, நம்மவர்கள் தேயிலை கிள்ளுகிற மலைப்பக்கத்துக்கு எது என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அங்க என்னத்துக்கு? அங்க தேயிலை எல்லோ இருக்கு," என்றார்.

நான் சாப்பிட்ட கடையில் பரிமாறியவர் அந்த மலைப்பக்கத்தில் அட்டன் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். பாட்டனார் எங்கள் பக்கத்துத் தேவாரம் என்ற ஊரிலிருந்து போனவராம். நான் போடி என்றதும் ஒரு கரண்டி சொதி கூடவே ஊற்றினார். "எங்க லயத்து வீடுகளுக்கு மேலதான் அண்ணே பிளேன் போகும். சின்னப்புள்ளைக எல்லாம் கையைக் காட்டுங்க. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்," என்றார். எங்கள் மலையிலும் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். நான் அவருக்கு நாலு ஏலக்காய் கொடுத்தேன். அவர் முகர்ந்துவிட்டு, "நம்ம காய்தான்," என்றார். வியாபாரி மூன்று நாளாகச் சொல்லாததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

ஒரு வழியாகப் பேரம் முடிந்தது. கையில் நாள் மிச்சமிருந்தது. தங்கை மகளுக்கு ஒரு பட்டுப் பாவாடை, ஒரு பிஸ்கட் டப்பா, அத்தைக்கு வாசனை சோப்பு என்று வாங்கிக் கொண்டு ரத்மலானைக்குப் போனேன்.

ரத்மலானை நிலையம் நன்றாகவே இருக்கிறது. போடி பஸ் நிலையத்துக்கும் அதற்கும் முக்கியமான வித்தியாசம், அங்கே மாடு படுத்திருக்கவில்லை. மற்றபடி அதே கூட்டம், அதே அழுகை, அதே "போனதும் கடுதாசி போடு." பெட்டியை நிறுத்தார்கள், சரி. அடுத்து என்னையும் தராசில் ஏறச் சொன்னார்கள். இத்தனை வருஷம் மூட்டைகளை ஏற்றி நிறுத்தவனை ஒரு பெண்பிள்ளை ஏற்றி நிறுத்தாள். என்ன தரம் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக் கொண்டேன்.

உள்ளே ஏறினால் தரை சரிவாக இருக்கிறது. வால் பக்கம் பள்ளம், மூக்குப் பக்கம் மேடு. மலைப்பாதையில் நடந்து பழகிய எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை; கோட்டுப் போட்டவர்கள்தான் தடுமாறினார்கள். காதில் வைக்கப் பஞ்சும், வாயில் போடப் பெப்பர்மிண்டும், வாந்திக்கு ஒரு காகிதப் பையும் கொடுத்தார்கள். பையை மடித்து இடுப்பில் செருகிக் கொண்டேன். நல்ல கனமான காகிதம், மண்டியில் மாதிரிக் காய் போட உதவும்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் டில்லியில் விமான இலாகாவில் இருக்கும் ஒரு அதிகாரி. நம் பக்கத்துத் தமிழர்தான். இலங்கை தன் தளங்களை எப்படி நடத்துகிறது என்று பார்த்துவிட்டு வருகிறாராம். எந்த ஊர் என்று கேட்டார். போடி என்றேன். உடனே பையிலிருந்து இந்தியாப் படத்தை எடுத்து என் மடியில் விரித்தார். படம் முழுக்க வட்டம் வட்டமாகக் காம்பஸால் போட்டிருந்தது.

"ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் ஒரு வட்டம். வட்டத்துக்குள் இருக்கிற ஜனங்களுக்கு அந்த நிலையம் சேவை செய்கிறது என்று கணக்கு," என்றார். போடியைத் தேடிப் பிடித்தார். அவர் முகம் மலர்ந்தது. "பாருங்க, மதுரை வட்டத்தில் இருக்கீங்க. கொச்சி வட்டத்தில் இருக்கீங்க. திருவனந்தபுரம் வட்டமும் வந்து தொடுது. உங்களுக்கு மூன்று விமான நிலையங்கள்! எத்தனையோ ஊர் ஒன்றில்கூட விழவில்லை, தெரியுமா?"

"சார், இந்த வட்டத்துக்கு நடுவுல ஒரு மலை இருக்கு," என்றேன்.

"விமானத்துக்கு மலை ஒரு பொருட்டா?"

"விமானத்துக்கு இல்ல சார், எனக்கு."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். திருவனந்தபுரத்தில் ஏன் நிலையம் என்றால் மகாராஜா இருந்தார். கொச்சியில் கப்பற்படை இருக்கிறது. கோயம்புத்தூரில் மில் முதலாளிகள் இருக்கிறார்கள். போடியில் யார் ஏறுவார்கள் என்று கேட்டார். நிலையம் இருந்தால் ஏறுவார்கள் என்றேன். ஏறுகிறவர்கள் இருந்தால் நிலையம் வரும் என்றார். அதற்குள் பலாலி வந்துவிட்டது, இரண்டு பேரும் தப்பித்தோம்.

பலாலியில் செம்மண்ணும் பனையும் பார்த்தவுடன் நம் ஊர்ப்பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கே ஏறிய ஒரு புகையிலை வியாபாரி, கூடை நிறையப் பனங்கட்டி, நம் கருப்பட்டிதான், வைத்திருந்தார். எனக்கு ஒன்று, அதிகாரிக்கு ஒன்று என்று கொடுத்தார். அதிகாரி வாயில் அதைப் போட்டுக் கொண்டதில் திருச்சி வரைக்கும் பேச முடியவில்லை. கீழே கடல் நீலமாகக் கிடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் இருந்தது. இந்தக் கடலைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போக நம் சனங்கள் மண்டபம் நோய்த்தடுப்பு முகாமில் எத்தனை நாள் காத்துக் கிடக்கிறார்கள் என்று நினைத்ததும், பெப்பர்மிண்டு கசந்தது.

திருச்சியில் சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்தார். முகத்தைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டார். மாதிரிக் காய் போன பெட்டி, வாசனை மட்டும் திரும்பி வந்திருக்கிறது. "ஏலக்காய் எங்கே?" என்றார். "கொழும்புல," என்றேன். "கொழும்பிலிருந்து கொண்டு வந்தது எங்கே என்று கேட்கிறேன்." போடிக்காரன் கொழும்பிலிருந்து ஏலக்காய் கடத்துவானா என்று நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. பாவாடையைப் பிரித்தார், சோப்பை நுகர்ந்தார், பிஸ்கட் டப்பாவை ஆட்டிப் பார்த்தார். வாந்திப் பையைக்கூட ஊதிப் பார்த்தார்.

திருச்சியிலிருந்து மதுரைக்கு விமானம் உண்டாம். அதிகாரியே பெருமையாகச் சொல்லியிருந்தார். போய் விசாரித்தால், கொழும்பு விமானம் வந்து இறங்குவதற்குச் சற்று முன்னால் அது கிளம்பிவிடுமாம். காத்திருந்து ஏற்றிக் கொண்டால் என்ன என்று கேட்டேன். "அது வேற சர்வீஸ் சார்," என்றார் அங்கிருந்தவர். எங்கள் ஊரில் பஸ் டிரைவர், டீக்கடையில் கிளாஸோடு நிற்கிறவனைப் பார்த்தால்கூட ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் எடுப்பார். ஆகாயத்தில் அந்த மரியாதை இன்னும் வரவில்லை.

ரயிலில் மதுரை. மதுரையிலிருந்து போடி ரயில். போடி ரயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அது நிலையங்களில் நிற்கும், நிலையங்களுக்கு நடுவிலும் நிற்கும். உசிலம்பட்டியில் வடை வாங்க இறங்கி, வாங்கி, தின்று, கை கழுவி, அதே பெட்டியில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெரியவர், நான் கொழும்பிலிருந்து பறந்து வருகிறேன் என்றதும் நகர்ந்து இடம் விட்டார். "பறந்து வந்த ஒடம்பு, காலை நீட்டிக்கிருங்க அப்பு," என்றார். இந்த மரியாதை எந்த நிலையத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆண்டிபட்டிக்கு மேல் மழை பிடித்தது. முன்னால் தண்டவாளத்தை வெள்ளம் கழுவிக் கொண்டு போய்விட்டதாகத் தேனியில் வண்டியை நிறுத்தியே விட்டார்கள்; பஸ்சும் ஓடவில்லை. கையில் மிச்சமிருந்த நாளெல்லாம் தேனி நிலையத்து பெஞ்சில் போயிற்று. போடி போய்ச் சேர்ந்தபோது மறுநாள் காதுகுத்து.

விடிந்தும் விடியாததுமாக மண்டிக்கு அரிசி ஏற்ற வந்த தோட்டத்து ஜீப்பைப் பிடித்தேன். மலைக்கு அரிசி ஏறும், ஏலக்காய் இறங்கும். நடுவில் மனுஷர்கள் கிடைத்த சந்தில் தொற்றிக் கொள்ள வேண்டும். மூட்டை மேல் சீர்ப்பெட்டியோடு உட்கார்ந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, சூட்கேசைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. நீங்க விழுந்தாலும் பாத்துப் பொறுக்கிக்கிறலாம்," என்றார். விமானத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி நாலு வளைவு ஏறியிருப்போம், ரோட்டின் மேல் மலை உட்கார்ந்திருந்தது. மண்ணும் பாறையும் ஒரு முழுப் பலாமரமும். டிரைவர் இறங்கிப் பார்த்தார், ஒரு பீடி பற்ற வைத்தார், "அம்புட்டுத்தான்," என்றார்.

மேலே நல்ல நேரம் காலையிலேயே முடிகிறது. அத்தையின் தம்பி மகன் குளித்து, வேட்டி கட்டி, மடியைத் தட்டி வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பான். செல்லம் அடுப்பங்கரையில் நின்று கொண்டு வாசலைப் பார்ப்பாள். கடலைத் தாண்டி வந்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மலையில் போய் மாட்டிக் கொண்டேனே என்று வாய்விட்டே அழுதுவிட்டேன். டிரைவர் பீடியைக் கீழே போட்டார்.

அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிக் கொண்டு குறுக்குப் பாதையில் போகிற ஆட்கள் வந்தார்கள். நானும் பெட்டியைத் தலையில் வைத்துக் கொண்டு பின்னால் போனேன். விமானத்துக்காக வாங்கிய பூட்ஸ் முதல் ஏற்றத்திலேயே வாயைப் பிளந்தது. கழற்றி ஒரு புதரில் வீசினேன். அட்டைகள் காத்துக்கொண்டிருந்த மாதிரி ஏறின. முன்னால் போன அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நிக்காதீக. நின்னா ஏறும், நடந்தா கொஞ்சம் கம்மியா ஏறும். வெரசா வாங்க," என்றார். மேலே ஒரு கடையில் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் பாலில்லாத கட்டன் காப்பியும் நின்ற வாக்கில் விழுங்கினேன். இந்தப் பயணம் முழுவதிலும் ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

மெட்டில் மூடுபனி. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. எங்கோ உயரத்திலிருந்து கொட்டு மேளச் சத்தம் மட்டும் கேட்டது. இந்நேரத்தில் மலை உச்சியில் யாருக்கு மேளம் என்று யோசித்துக் கொண்டே சோதனைச் சாவடிக்கு வந்தேன். கேரளம் என்று புதுப் பெயர் வைத்த ராஜ்யத்தின் காவலர் தடியை நீட்டினார். மலையாளத்தில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி: "நீயும் விமானம் பார்க்கத்தான் போகிறாயா?"

"எந்த விமானம்?"

"மேலே மொட்டைப் பாறையில் வந்து இறங்கப் போகிறதாம். கங்காணி வீட்டுச் சனம் முழுக்க அங்கேதான். இறங்கினால் அதைச் சோதனை போட வேண்டுமா வேண்டாமா என்று எனக்கு இன்னும் உத்தரவு வரவில்லை."

"ஐயா, அந்த விமானத்துல வர்ற ஆளே நான்தான்," என்றேன்.

அவர் என் வெறுங்காலையும், அட்டை கடித்த ரத்தத்தையும், தலையில் இருந்த பெட்டியையும் பார்த்தார். "விமானம் எங்கே?"

"திருச்சியில விட்டுட்டு வந்துட்டேன்."

பெட்டியைத் திறக்காமலே விட்டுவிட்டார். ஓட்டமாக ஓடினேன்.

தோட்டத்து லயங்களுக்கு முன்னால் ஒரு ஓடை, அதன் மேல் ஒரு சின்னக் கல்பாலம். அதுதான் எல்லை. தாய்மாமன் சீரோடு வந்தால் அந்த எல்லையில் நிற்க வேண்டும். பிள்ளையின் அப்பன் வீட்டார் மேளத்தோடு அங்கே வந்து, ஆலாத்தி சுற்றி, அழைத்துப் போக வேண்டும். அழைக்காமல் நுழைந்த மாமனைச் சோற்றுக்கு அலைந்தவன் என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லுவார்கள். பாலத்தில் போய் நின்றேன். அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. மேளம் மேகத்துக்குள்ளே எனக்காகக் கொட்டிக் கொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நடந்து வருகிற மாமனுக்கு எல்லை ஓடைப்பாலம். ஆகாயத்தில் வருகிற மாமனுக்கு எது எல்லை? யோசித்துப் பார்த்து, ஆகாயத்துக்கும் தோட்டத்துக்கும் எல்லை மொட்டைப் பாறைதான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். அவர்கள் முறையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. மேலே ஏறிப் போய் அவர்களைக் கூட்டி வரலாம் என்றால், நான் ஏறி இறங்குவதற்குள் நேரம் தப்பிவிடும். அழைக்காமல் உள்ளே போகவும் முடியாது. பாலத்துச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து செல்லம் வந்தாள். இடுப்பில் பிள்ளை. பின்னால், போடியிலிருந்து முதல் நாளே வந்துவிட்ட ஆசாரி, சின்னப் பெட்டியோடு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் கோணியது.

"கால் என்னண்ணே இப்படி இருக்கு?"

"ஒனக்கு எப்படித் தெரியும், நான் இந்த வழியா வருவேன்னு?"

"அவுகளெல்லாம் ஏரோப்ளேன் வரும்னு போனாக. நான் நீ வருவேன்னு இங்க வந்து வந்து பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள்.

ஆசாரி வானத்தைப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. "நேரம் போயிக்கிருக்கு தாயீ. மாமன் மடி எங்க இருக்கோ அங்க குத்துறதுதான் காதுகுத்து. குடுங்க பிள்ளையை," என்றார். பாலத்துச் சுவரில் உட்கார்ந்தபடியே பட்டுப் பாவாடையை மடியில் விரித்துப் பிள்ளையை வைத்தேன். புதுத் தோடு, வலது காது, இடது காது. என் தங்கை மகள் போட்ட சத்தம் இருக்கிறதே, திருச்சி நிலையத்துக்கே கேட்டிருக்கும். உச்சியில் மேளம் சட்டென்று நின்றது.

சற்று நேரத்தில் கூட்டம் சரசரவென்று இறங்கி வந்தது. முன்னால் ஆலாத்தித் தட்டோடு அத்தை, பட்டுச் சேலை முழுக்க ஈரம். பின்னால் மாப்பிள்ளை, கையெல்லாம் சுண்ணாம்பு. துரை வருகிற நாளில் பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது தோட்டத்து வழக்கம். அதே மாதிரி மொட்டையில் புல்லை வெட்டி, வட்டமாகக் கல் அடுக்கி, வெள்ளையடித்து, வழி தெரியட்டும் என்று புகையும் போட்டிருக்கிறார்கள். "எறங்குற எடம் பளிச்சுனு தெரியணும்ல மச்சான்," என்றார் மாப்பிள்ளை. டில்லி அதிகாரி காம்பஸால் போட்ட வட்டங்களைவிட அது நேர்மையான வட்டம்.

அத்தை நேராக என்னிடம் வந்தார். "ஆகாசத்துல வர்றேன்னு சொல்லிட்டு அடிவாரத்துல இருந்து வந்தா, மனுசரு எப்படி அழைக்கிறது?"

"ஏரோப்ளேன் திருச்சி வரைக்கும்தான் அத்தை வரும்."

"அம்புட்டுக் கடலைத் தாண்டித் திருச்சி வரைக்கும் வந்ததுக்கு, இந்தா இருக்கிற இங்க வர என்ன கேடு?"

இந்தக் கேள்வியை இலாகாவில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்குள் அவர் தம்பி மகன் முன்னால் வந்தான். புது வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. "மேளம் இல்லாம, எல்லையில வச்சுக் குத்துனது செல்லாது. மாமனை இன்னும் யாரும் அழைக்கலையே," என்றான். கூட்டத்தில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அத்தை என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தட்டைக் கையில் வைத்தபடியே நின்றார். மாப்பிள்ளை சுண்ணாம்புக் கையைப் பிசைந்தார்.

செல்லம் பிள்ளையை என் தோளில் சாய்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டு போய், மாமியார் கையிலிருந்த தட்டை வாங்கினாள். எனக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். சூடம் பனி ஈரத்தில் அணைந்து போயிருந்தது, அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. குங்குமத்தைத் தொட்டு என் நெற்றியில் வைத்தாள். பிறகு திரும்பி, அந்த மலையில் அவள் வாழ்ந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"எங்கண்ணன் வந்துருச்சு அத்தை. எலையப் போடச் சொல்லுங்க."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேளக்காரர்களிடம் திரும்பி, "என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? கொட்டுங்க," என்றார்.